கதவோரக் கதிரையில் ஒரு கிண்ணம்

பனிக்காலத்தின் நடுவில் எனக்குக் கொரோனா வந்தது. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நானும் ஓர் அண்ணையும் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். அவருக்கு ஏற்கெனவே வந்துபோயிருந்தது. நான் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். காய்ச்சல் சீக்கிரம் இறங்கிவிட்டது. மூக்குக்கு மணம் தெரிவதுதான் திரும்பவில்லை. இஞ்சித் தேநீரும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான்.

நான் படிப்பது உணவுத் தொழில்நுட்பம். அறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு தொழிற்சாலையில் சுவை பார்க்கும் பிரிவில் பயிற்சி தொடங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். "சாப்பாட்டை ருசி பாக்கவும் படிப்போ?" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சிரிப்பார். இப்போது அந்தச் சிரிப்பைக் கேட்கவே பயமாக இருந்தது. அழைப்பை எடுக்காமல், திரைச்சீலையை மூடிவிட்டு, நாள் முழுவதும் படுத்தே கிடந்தேன்.

அண்ணை ஜான்-டலோன் சந்தையில் பழப்பெட்டி இறக்குகிறவர். சும்மா கிடப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

"டேய், உயிரோட இருக்கிறியோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப எழும்பிச் சவரம் எடு. திரையைத் திற. பேந்து உனக்கொரு சோதனை இருக்கு."

சவரம் செய்துவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே கதிரையில் மூடி போட்ட ஒரு கிண்ணம். அவர் முகக்கவசத்தோடு சமையலறை வாசலில் நின்றார்.

"கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார். என்ன அது?"

"சீனியோ?"

"கோப்பித் தூளடா!"

அன்று முதல் அவர் வேலை முடிந்து வந்ததும் சோதனைதான். நான் சவரம் எடுத்து, கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையே கொஞ்சம் நடந்திருந்தால்தான் கிண்ணம் வரும். ஏலக்காயை உப்பு என்றேன். சந்தையில் யாரோ கொடுத்த சீஸைச் சோறு என்றேன்.

"இந்த மணத்துக்குப் பக்கத்து வீட்டுச் சனமே வீடு மாறப்போகுது, உனக்குச் சோறோ!" என்று தலையில் கை வைத்தார்.

ஒவ்வொரு நாளும் தோற்றேன். ஆனாலும் மாலையானால் கதவருகே போய்க் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். அம்மாவின் அழைப்பையும் எடுத்து உள்ளதைச் சொன்னேன். அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். "இண்டைக்கு என்ன வச்சவராம்?"

ஒருநாள் பனி கொட்டித் தள்ளியது. அண்ணை வந்து சப்பாத்தைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். கதிரையில் எதுவும் இல்லை. ஆனால் ஏதோ மூக்கில் முட்டியது. ஈரமாக, புளித்து, மழையில் நனைந்த நாய் மாதிரி. பார்த்தால், ஹீட்டரின் மேல் அவருடைய கம்பளிக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணை! உங்கட சொக்ஸ் நாறுது!"

"ஏன்டா, நாள் முழுக்க ஸ்நோவுக்கை நிண்டிட்டு இப்பதான் வாறன், அதுக்கிடையில..." என்று சீறியவர் பாதியில் நிறுத்தினார். "என்ன சொன்னனீ?"

"நாறுது அண்ணை. நல்லா நாறுது!"

சமையலறை வாசலில் நின்றபடி கைதட்டினார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது போலும். "நில், கண்ணை மூடு" என்று கிண்ணத்தைக் கொண்டுவந்து கதிரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

குனிந்து மணந்தேன். மிக மெலிதாக, ஆனால் சந்தேகமே இல்லை.

"கோப்பி."

"சோதனை பாஸ்! இனி அம்மாவுக்குப் போனைப் போடு. ஆனா சொக்ஸ் கதையைச் சொல்லிப்போடாதை."

அதைத்தான் முதலில் சொன்னேன்.