அருணகிரி அங்கிள் செய்துவைத்த போர்நிறுத்தம்

அருணகிரி அங்கிள் காலமான செய்தி எங்கள் தமிழ்ப் பள்ளியின் இரண்டு வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே நேரத்தில் வந்தது. நான் பஸ்ஸில் இருந்தேன். அவருடைய மகள் அவருடைய போனிலிருந்தே அனுப்பியிருந்தார். வேறு வழியில்லை. பெற்றோர் சங்கம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு குழு வைத்திருந்த எங்கள் பள்ளியில், இரண்டிலும் இருந்த ஒரே மனிதர் அவர்தான்.

உங்களில் பலர் அவரைச் "சர்வதேசம்" என்றே அழைத்தீர்கள். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, படிக்க லண்டன் வந்து, வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்று ஹவுன்ஸ்லோவில் வாழ்ந்தவர். லூயிஷாமில் நடக்கும் எங்கள் பள்ளிக்குப் பட்டிமன்ற நடுவராக வந்து அப்படியே தங்கிவிட்டார். எங்களில் யாருக்கும் அவர் உறவில்லை, யாருடைய ஊர்க்காரரும் இல்லை. நடுநிலைக்கு அதைவிட என்ன தகுதி வேண்டும்?

அந்தத் தகுதிக்கு வேலை வந்தது என் அப்பாவால். சங்கத் தேர்தலில் தோற்றதும் அவர் பள்ளியின் ஸ்பீக்கர்களையும் மைக்கையும் காரில் ஏற்றி, மனோர் பார்க்கிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "இது களவில்லை, பாதுகாப்பு. கமிட்டியிலை எனக்கொரு இடம் தராட்டி நான் வேறை பள்ளிக்கூடம் துவங்குவன்," என்றார். சங்கத் தலைவர் என் தோழி தர்ஷியின் அப்பா. பள்ளி பிளந்தால் அவள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். நாங்கள் இருவரும் அரிவரி வகுப்பிலிருந்து ஒரே மேசை.

பேச்சுவார்த்தை எங்கள் வீட்டில் நடந்தது. சரியாகச் சொன்னால், பாதி வீட்டில் நடந்தது. தலைவர் எங்கள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று வெளியே காரிலேயே இருந்தார். அருணகிரி அங்கிள் மழையில் குடையோடு வரவேற்பறைக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா அவர் கையில் ஒரு தட்டு வடையைக் கொடுத்தனுப்பினார்.

"அவர் தொடமாட்டார்," என்றார் அப்பா.

தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. "சட்னி இருக்கான்னு கேக்கறார் லா," என்றார் அங்கிள். இனிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்பீக்கர்கள் திரும்பிப் போயின. அப்பா 'ஒலி ஒளிப் பொறுப்பாளர்' ஆனார். அதுவரை அப்படியொரு பதவியே இருக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு முன் இன்னொரு பெற்றோரான சோதி மாமா, பொங்கல் பொங்கும் பள்ளியின் பெரிய கிடாரத்தைத் தன் கராஜில் வைத்துப் பூட்டிவிட்டு, "எனக்கு என்ன பதவி?" என்று கேட்டார். அவரும் இன்று கமிட்டியில் இருக்கிறார்.

எனவே இவ்வருடப் பட்டிமன்றத்துக்கு அங்கிளே தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது, அவருடைய துணிச்சலை வியந்தேன்: 'சர்வதேசம் கொண்டுவரும் போர்நிறுத்தம் ஆயுதக் குழுக்களுக்குப் பரிசா, இல்லையா?' நான் 'பரிசே' அணி. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தயாரானேன். நேற்றுவரை யாரும் அங்கீகரிக்காத ஒரு குழுவுக்கு மேசையில் ஒரு நாற்காலி கிடைக்கிறது, புகைப்படத்தில் ஓர் இடம் கிடைக்கிறது, ஆயுதங்களை நிரப்பிக்கொள்ள அவகாசமும் கிடைக்கிறது. துவக்கு ஏந்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை என்றேன். பிறகு உள்ளூர் உதாரணமாக ஸ்பீக்கரையும் கிடாரத்தையும் எடுத்துவைத்தேன்.

"பிள்ளை, பின்னேரம் வீட்டை வாற யோசினை இருக்கோ?" என்று பின்வரிசையிலிருந்து அப்பா கேட்டார். மண்டபம் சிரித்தது.

தர்ஷி அமைதியாக எழுந்தாள். "நடுவர் அவர்களே, ஸ்பீக்கர் திரும்பி வராட்டி இவ இப்ப எந்த மைக்கிலை கதைக்கிறா?" கைதட்டல் முழுவதும் அவளுக்குத்தான்.

அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ராணி அன்ரி கையை உயர்த்தினார். சபையோர் பேசும் வழக்கம் இல்லை. அங்கிள் மைக்கை அவரிடம் அனுப்பினார்.

"ஊரிலை சண்டை நிண்டு பாதை திறந்த நேரம் நான் போய் அம்மாவைக் கண்டனான். நிக்காட்டி கண்டிருக்கமாட்டன். அந்தச் சமாதானக் காலத்திலைதான் என்ர தம்பியையும் இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை. இப்ப சொல்லுங்கோ, பரிசு ஆருக்கு?"

எந்தப் பட்டிமன்றத்திலும் "இரு அணியும் வென்றன" என்றே முடிப்பவர் அருணகிரி அங்கிள். அன்று எழுந்து நின்றார், கண்ணாடியைத் துடைத்தார். "இதுக்குத் தீர்ப்புச் சொல்ற தகுதி எனக்கு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சோதி மாமா கேட்டார்: "அப்ப கப் ஆருக்கு?"

அன்று அவரோடு ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது நான் விடவில்லை. "அங்கிள், நீங்கள் அப்பாவுக்குக் குடுத்தது பரிசுதானே?"

"பரிசுதான் லா. இல்லன்னு யார் சொன்னா? கொடுக்கலன்னா ரெண்டு பள்ளி ஆகியிருக்கும், நீயும் தர்ஷியும் ரெண்டு பக்கம். ஆனா ஒண்ணு பாரு. கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, அன்னிக்கே பிளைட் ஏறிப் போயிடறாங்களே, அவங்கதான் வெறும் பரிசு கொடுத்துட்டுப் போறவங்க. அப்புறம் நடக்கிறத யார் இருந்து பாக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹவுன்ஸ்லோவிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து சனிக்கிழமைதோறும் அவர் வந்தது எதற்கு என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை. கமிட்டிக் கூட்டங்களில் அப்பாவுக்கும் தலைவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பெரும்பாலும் தூங்கினார். குரல்கள் உயரும்போது மட்டும் கண்ணைத் திறந்து, "என்ன முடிவாச்சு?" என்று கேட்பார். முடிவே இல்லாததால் இருவரும் வெட்கப்பட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள்.

போர்நிறுத்தம் பரிசா என்று கேட்டால் இன்றும் ஆம் என்றே வாதாடுவேன். அந்த வாதம் என்னுடையது. அதன் பிறகு யார் இருந்து பார்ப்பது என்ற கேள்வி அவருடையது. நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அதை மட்டும்தான்.

போன சனிக்கிழமை அவருடைய அஞ்சலிக் கூட்டத்தைத் திட்டமிடக் கமிட்டி கூடியது. யார் முதலில் பேசுவது என்று அப்பாவும் தலைவரும் உடனே தொடங்கிவிட்டார்கள். மைக் தன் பொறுப்பில் இருப்பதாக அப்பா நினைவூட்டினார். தர்ஷியும் நானும் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தோம். ஒருவரையொருவர் பார்த்தோம். கோட்டுகளைக் கழற்றிவிட்டு, அப்பாவுக்கும் தலைவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தோம்.