இறந்தவர் பெயரில் ஓர் ஏல அறிவிப்பு

சனிக்கிழமை காலை ஏழு நாற்பது. சுங்கை லாலாங்கில் ஒரு தாமானின், அதாவது வீட்டுக் குடியிருப்பின், கடைசி வரிசை வீடு. முதலில் என் கண்ணில் பட்டது கேட்டில் ஒட்டியிருந்த ஏல அறிவிப்பு. அதன்மேல் யாரோ பிளாஸ்டிக் உறை போட்டு நான்கு ஓரமும் டேப் ஒட்டியிருந்தார்கள். இரவெல்லாம் மழை. ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நானும் மனைவியும் பீடோங்கில் வாடகைக்கு இருந்தோம். லேலோங் வீடு, அதாவது ஏலத்துக்கு வரும் வீடு, என்றால் விலை குறைவாகக் கிடைக்கும் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். ஏலப் பட்டியலில் பார்த்து நான் குறித்து வைத்த வீடு இது. ஏலத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இப்படி வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காரைவிட்டு இறங்க மாட்டார்கள். நாங்கள் இறங்கினோம்.

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலைச் சாய்த்து நடந்தார்.

“வீடு பாக்க வந்தீங்களா? உள்ள வாங்க தம்பி. எல்லாரும் ரோட்டுல நின்னே பாத்துட்டுப் போயிர்றாங்க. எங்க ஒழுகுதுன்னு ரோட்டுல இருந்து தெரியுமா?”

என் மனைவி அந்த உறையைக் காட்டி ஏன் என்று கேட்டாள்.

“சர்க்கார் பேப்பர்மா. நனைஞ்சு கிழிஞ்சா நாமதான் கிழிச்சோம்னு சொல்லிருவாங்க லா.”

புதிதாகக் குடிவருபவர்களுக்குச் சொல்வதுபோல எல்லாம் சொன்னார். சமையலறை மூலையில் ஒழுகும். பின்கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. நீங்கள் எங்கே போவீர்கள் என்று மனைவி கேட்டாள்.

“மக குலிம்ல இருக்கா. ரெண்டு ரூம்பு, ஆறு பேரு. ஏழாவதா நான் போயி செவத்தோட செவரா நிக்கணும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஹாலில் கணவரின் படம் மாலையோடு இருந்தது. கீழே பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி. அந்தப் பெயரைச் சற்று முன்புதான் கேட்டில் இருந்த அறிவிப்பில் கடன் வாங்கியவர் என்ற இடத்தில் படித்திருந்தேன். அதன்படி வீட்டை விற்கும் உத்தரவு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. படத்தில் இருந்தவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“இவரு தவறுனது பேங்குக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன தம்பி? பேப்பர்ல போட்டோமே. படத்தோட, கால் பக்கம். அதப் பாத்துட்டு ஈப்போவுல இருந்துகூட கருமக்கிரியைக்கு ஆளு வந்தாங்க.”

நம்மவர்களின் வழக்கம் அது. தமிழ்ப் பத்திரிகையில் மரணச் செய்தி வந்துவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி. வங்கி தமிழ்ப் பத்திரிகை படிக்காது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மாதத் தவணையைக் கணவரின் கணக்கிலேயே இயந்திரத்தில் போட்டு வந்திருக்கிறார். கால் அறுவைக்குப் பிறகு துப்புரவு வேலை போயிற்று. தவணையும் நின்றது. வந்த கடிதங்கள் எல்லாம் கணவரின் பெயருக்கு வந்தவை. “அவரு பேருக்கு வந்தத நான் பிரிக்கலாமா?” என்று அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்.

வீட்டுக் கடனோடு சேர்த்து, கடன் வாங்கியவர் இறந்தால் மிச்சத்தைக் கட்டும் காப்புறுதி ஒன்றும் எடுப்பது வழக்கம். முந்தைய வாரம்தான் நான் கடன் கேட்டுப் போன வங்கியில் அதை எனக்கு விளக்கியிருந்தார்கள். அந்த ஹாலில் நின்றபோது அது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பீடோங் சிக்னலில் கார் நின்றபோது மனைவி கேட்டாள். “அந்தப் படத்த ரெண்டு தடவ படிச்சீங்க. என்னா?”

சொன்னேன். காப்புறுதியைப் பற்றியும் சொன்னேன். “அவங்க ஒழுகுற எடத்தக்கூட நம்மகிட்ட மறைக்கல,” என்றாள்.

காரைத் திருப்பினேன்.

டின்னில் பிரிக்காத உறைகள் பதினேழு. அவற்றில் ஒன்று, நில அலுவலக விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம். வீட்டை ஏன் விற்கக் கூடாது என்று சொல்லக் கிடைத்த நாள் அது, கடந்துபோய்விட்டது. கணவரின் பழைய பையில் கடன் ஒப்பந்தம் இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களுக்கு நடுவே காப்புறுதிச் சான்றிதழ் இருந்தது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அந்த அக்காவைச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி கடிதங்களைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினார். இறந்தவரை விசாரணைக்குக் கூப்பிட்டு, அவர் வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள் என்றார். உயிரோடு இல்லாதவர் பேரில் எடுத்த உத்தரவை எதிர்க்க வாரிசுக்கு உரிமை உண்டு. காப்புறுதியை இப்போதும் கேட்கலாம். அது இல்லாதவர்கள்கூட, ஏலத்தில் சுத்தியல் விழும்வரை பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கலாம். அதற்கு முன்பே வங்கியோடு பேசித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். முதல் கடிதத்தைப் பிரித்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டினார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்ப பேப்பர்ல கால் பக்கம் போட்ட காசு வேஸ்ட்டா?”

அதை மலாயில் சொன்னபோது அந்த அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். இறப்புச் சான்றிதழை மூன்று நகல் எடுக்கச் சொன்னார்.

ஏலத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அதைத் தள்ளிவைத்ததாகக் கடிதம் வந்தது. இந்த முறை உறையை அக்காவே பிரித்தார்; படித்துச் சொன்னது நான். காப்புறுதி நிறுவனம் மேலும் மேலும் தாள் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் லீவு போட முடியவில்லை. சில நாள் மனைவி போனாள், சில நாள் அக்கா தனியாகவே பஸ் ஏறிப் போனார். ஆறாவது மாதம் மிச்சக் கடன் முழுவதும் அடைந்தது. கணவர் இறந்த பிறகு அக்கா கட்டிய தவணைகளும் திரும்பி வந்தன. அதில் சமையலறைக் கூரையை மாற்றினார்.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் சுங்கை லாலாங்கிலிருந்து பீடோங் சிக்னல்வரை நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டிய அந்தச் சில நிமிடங்களை மறக்க முடியவில்லை. மனைவி கேட்காமல் இருந்திருந்தால் நான் திரும்பியிருப்பேனா என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது.

கணவரின் சொத்துக்கான வாரிசு விசாரணையில் அக்காவின் பிள்ளைகள் மூவரும் தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். சென்ற மாதம் அந்த வீட்டின் உரிமைப் பத்திரமான கிராண்ட் அக்காவின் பெயரில் வந்தது.