காக்கை வராத அமாவாசை

காக்கையே இல்லாத தெருவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன அமாவாசையன்று நான் பார்த்தேன்.

அன்று அப்பாவுக்குப் படையல். கூரைமேல் சோறும் வடையும் வைத்துவிட்டுத் தொண்டை வற்றக் கூப்பிட்டேன். மற்ற நாளில் குழந்தை கையிலிருப்பதையே பிடுங்கிக்கொண்டு போகும் கூட்டம்... ஒன்றுகூட வரவில்லை. காக்கை தொடாமல் யார் இலை போடுவது? வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

டிராமில் வந்து இறங்கியிருந்த அத்தை காரணம் கண்டுபிடித்துவிட்டாள்.

"வாழப் போனவ பொறந்த ஊட்ல குந்திக்கினு கீறா. அண்ணன் எப்படிப்பா வந்து துன்னுவாரு? இன்னைக்கே இவளைத் திருவான்மியூர்ல புருஷங்கிட்ட உட்டுட்டு வா. காக்கா தன்னால வரும்."

இவள் என்றது என் தங்கை தனத்தை. புருஷனின் அடி தாங்காமல் வந்தவள். முதுகுக் காயம் இன்னும் ஆறவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள் — பசி வேறு! எனக்கோ நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. தனம் உள்ளே போய்ப் புடவைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

அதைப் பார்க்க முடியாமல் கொல்லைக்குப் போனேன். வேலிக்கு அப்பால் கடற்கரை மணல். மீன்கார அந்தோணியம்மாள் கருவாடு காயப் போட்டிருந்தாள். நடுவே ஒரு மூங்கில். அதன் உச்சியில், செத்த காக்கை ஒன்று தலைகீழாகத் தொங்கியது!

தன் இனம் செத்துத் தொங்கினால் வேறு காக்கை அந்தப் பக்கமே வருமா?

"அம்மா... அதைக் கொஞ்சம் எறக்கணும். எங்கூட்ல படையல்." எப்படித்தான் வாய் வந்ததோ.

"இன்னா நைனா, என் கருவாட்டையும் சேத்து உங்கப்பாவுக்குப் படைக்கணுமா?" என்று சிரித்தாள். "சரி, எறக்கறேன். நீ கம்பை எடுத்துக்கினு காவலுக்கு நில்லு."

நின்றேன். சற்று நேரத்தில் தென்னையில் ஒரு குரல். பிறகு நாலைந்து. கருவாட்டுக்கு இறங்கியவற்றைக் கம்பால் விரட்டினேன். அவை நேரே எங்கள் கூரைக்குப் போயின.

ஓடி வந்து பார்த்தால், வடை காலி. "அண்ணன் மனசு எறங்கிட்டாரு!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாவம், ஊர்க் குப்பையைத் தின்று வாழும் பறவை. நம் மனசில் உள்ள குப்பையையும் அதன் தலையிலேயே கொட்டுகிறோம்.

தனம் மூட்டையோடு வெளியே வந்தாள்.

"சரியா சொன்ன அத்தே. நான் இங்க இருக்கசொல்லவே அப்பா வந்து துன்னுட்டாரு. அவருக்கே கோவம் இல்ல... உனக்கு இன்னாத்துக்கு?"

மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு இலை போடப் போனாள். அத்தை முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

காக்கை சொன்ன தீர்ப்புக்கு மேல் ஏது அப்பீல்?