புகையிலை வாசம் போகாத கார்

அன்றைக்கு அந்தப் பழைய சரக்குக் கிட்டங்கி வாசலில் இருந்தது ஐந்து பேர். நான், என் மனைவி, குட்டியானைச் சரக்கு வண்டியை ஓட்டி வந்த என் மச்சினன், என்னிடம் சோபா வாங்கிய அக்கா, பழைய இரும்பு எடுக்க வந்திருந்த வியாபாரி. அக்காவின் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். அவர் அங்கே இல்லாததுதான் அன்று முழுக்க என் கவலை. காரை விலை பேசி முடித்த பிறகு அவர் வந்து, யாரைக் கேட்டுப் பேசினீர்கள் என்று சத்தம் போட்டால் என்ன செய்வது? அதனால்தான் இன்றைக்கும் யாராவது இந்தக் காரைப் பற்றிக் கேட்டால் முதலில் அந்த ஐந்து பேரையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி இருப்பது நல்லது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திண்டுக்கல்லில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கடை. கார் சீட்டு, சோபா, மெத்தை எல்லாவற்றுக்கும் உறை தைப்பேன், கேட்டால் சோபாவும் செய்து கொடுப்பேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். திண்டுக்கல்லில் பிறந்துவிட்டுத் திண்டுக்கல் பூட்டையே நம்பாத ஆள் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்த அக்கா வீட்டுக்குப் புதுச் சோபா கொண்டுபோய்ப் போடத்தான் போனோம். எரியோட்டுக்கும் குஜிலியம்பாறைக்கும் நடுவே விவசாயக் காட்டுக்குள் தனி வீடு. சின்ன வெங்காயம் மலிவாகக் கிடைக்கும் என்று மனைவியும் ஏறிக்கொண்டாள். சோபாவை இறக்கிக் காப்பி குடித்து முடித்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ காரு சீட்டு வேலையும் பாப்பேல்ல? கிட்டங்கிக்குள்ள ஒரு காரு கெடக்கு. சீட்டுல ஏதாச்சும் தேறுமான்னு செத்த பாத்துச் சொல்லு. கிட்டங்கிய இடிச்சுட்டுக் கோழிப்பண்ணை போடப்போறோம். வண்டிய இவரு இரும்புக்கு எடுத்துக்கிறேங்கிறாரு."

"பாம்பு கீம்பு கெடக்குமோக்கா?"

"கெடந்தாலும் நீ கேட்ட சத்தத்துல இந்நேரம் ஓடிருக்கும். போ அப்பு."

கிட்டங்கிக் கதவைத் திறந்ததும் வாசம்தான் முதலில் வந்தது. புகையிலை வாசம். மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்து, நான் மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் பார்த்தேன். உள்ளே ஓலைப் பாய்களால் மூடி, நான்கு பக்கமும் கருங்கல் முட்டுக் கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் ஒரு கார் நின்றது. மச்சினன் பாய்களை ஒவ்வொன்றாக உருவினான். வெளிர்பச்சை நிறத்தில் ஓர் அம்பாசிடர், அந்த மாதிரி முதன்முதலில் வந்த காலத்தது. பெயிண்டில் மினுக்கம் இல்லை. ஆனால் எங்கேயும் உரியவில்லை. இன்ஜின் மூடியில் மூன்று இடங்களில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து, அப்பளம் மாதிரித் தடித்துக் கிடந்தன.

"வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு நாந்தான் பொட்டு வைக்கிறது" என்றார் அக்கா. "ஓடாட்டி என்ன, வண்டி வண்டிதான? மாமனாரு போனப்பொறமும் விடல."

நான் பின்கதவைத் திறந்தேன். இத்தனை வருடம் நின்ற வண்டியில் எலி முதலில் காலி செய்வது சீட்டைத்தான். ரெக்சினைக் கடித்து, உள்ளே இருக்கும் தென்னை நாரை இழுத்துக் கூடு கட்டிவிடும். எத்தனையோ வண்டிகளில் வெறும் ஸ்பிரிங்கைத்தான் பார்த்திருக்கிறேன். இதில் கையை வைத்து அமுக்கினேன். கிறீச் என்று அமுங்கி, மெதுவாக மேலே எழுந்தது. ஒரு கடி இல்லை. கம்பெனியில் தைத்த தையல் அப்படியே இருந்தது. அந்தத் தையலை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. பிரிந்ததும் கிழிந்ததும் வேறு யாரோ மேலே தைத்ததும்தான் என் கைக்கு வந்திருக்கின்றன. விரலை வைத்து ஒரு தையலைக் கடைசிவரை தடவிப் பார்த்தேன். ஒரு கண்ணி பிசகவில்லை.

சீட்டுக்கு அடியிலும் காலடியிலும் டிக்கியிலும் காய்ந்த குச்சிகள் நொறுங்கின.

"அது பொகையிலக் காம்பு தம்பி. மாமனாரு பொகையில வேவாரம். எலி அண்டாதுன்னு வண்டி நெறையப் பரப்பி வச்சிட்டுத்தான் கதவச் சாத்துனாரு. வண்டி ஓடுனப்பவும் டிக்கில பொகையிலதான். நான் வாக்கப்பட்டு வந்ததே இதுலதான். ஆயக்குடில ஏறி உக்காந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டல, கொடலப் பொரட்டிருச்சு. பட்டுச்சேலையோட கதவு மேலயே வாந்தி எடுத்துட்டேன். எடது பக்கப் பின்கதவுல பாரு, கறை இருக்கும்."

இருந்தது. கதவின் உட்புறம், கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு.

"மாப்பிள்ள என்ன சொன்னாரு?" என்று இரும்பு வியாபாரி சிரித்தார்.

"அவரு ஜன்னலப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. இன்னைக்கும் அந்தப் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு."

வியாபாரி கடப்பாரையை எடுத்து வந்தார். சீட்டைப் பெயர்த்து எறிந்துவிட்டால் எடை போட வசதி என்றார். கடப்பாரை நுனி அந்தத் தையலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தபோது, "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் பயம் வந்தது. வேண்டாம் என்றால், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றுதானே அர்த்தம்? கடைக்குத் தகரக் கூரை மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணம்தான் கையில் இருந்தது. இன்ஜின் ஓடாவிட்டால்? ஆர்.சி. புத்தகம் இல்லாவிட்டால்? மழைக்குக் கடை ஒழுகினால்?

"ஏங்க, எச்சியக் கூட முழுங்காம நிக்கிறீங்க" என்றாள் மனைவி. "கூரைக்கு இன்னொரு வருஷம் தார்ப்பாய் போட்டுக்கலாம். புடிச்சிருந்தா வாயத் தொறந்து கேளுங்க."

கேட்டேன். ஒன்றேகால் லட்சத்துக்குப் பேசி முடிந்தது. ஒரு லட்சம் மறுநாளே தருவதாகவும், மீதியை ஆயுத பூஜைக்குள் தருவதாகவும் சொன்னேன். வியாபாரி வெறுங்கையோடு போகக் கூடாது என்று உடைந்த பம்புசெட்டு ஒன்றை அக்கா அவருக்குக் கொடுத்தார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சந்தை இரைச்சலுக்கு நடுவே, "அது ஒன் கல்யாண வண்டி, ஒன் இஷ்டம்" என்று கேட்டது. எனக்கு அதுவும் நம்பிக்கையாக இல்லை. இரைச்சலில் அவர் காதில் விலை சரியாக விழுந்ததோ இல்லையோ.

வண்டியை லாரியில் ஏற்றிக் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். மச்சினன் மெக்கானிக். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைகளில் எண்ணெய் விட்டு ஊறப்போட்டான். பெட்ரோல் டேங்கைக் கழுவினான். பிரேக், ரப்பர் குழாய், பேட்டரி, டயர் எல்லாம் புதிது. அதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. உயிர் சம்பந்தப்பட்டது. மற்ற எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் வண்டியின் முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினான். நாலைந்து தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. சீட்டுக்கு அடியில் காய்ந்த புகையிலைக் காம்பு, பக்கத்திலேயே பேட்டரி வயர். ஒரு பொறி பட்டால்? உட்கார்ந்து ஒரு குச்சி விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டிக் குப்பையில் போட்டேன். பதிலுக்குப் பாச்சை உருண்டை வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டேன். மார்க்கெட் எலி பாச்சை உருண்டைக்கா பயப்படும்? ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால், பின்சீட்டின் வலது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ரெக்சினைக் காணோம். நார் வெளியே தொங்கியது. யார் யாரோ பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியதை ஒரே வாரத்தில் எலிக்குக் கொடுத்துவிட்டேனே என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சினன் வேறு மாதிரி யோசித்தான்.

"விடு மாமா. இனிமே இது ஒரிஜினல் கெடையாது. எல்லாத்தையும் பிரிச்சிருவோம். நல்ல செவப்புப் பெயிண்டு, வெள்ளை சீட்டு. கல்யாண போட்டோ எடுக்குறவன் ஒருத்தன் எனக்குத் தெரியும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாடகை வரும். போட்ட காசு ரெண்டே வருஷத்துல வந்துரும்."

"பெயிண்டு நல்லாத்தான இருக்கு மாப்ள."

"எங்க நல்லாருக்கு? பழைய சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு. பொட்டு வேற அம்மை போட்ட மாதிரி."

என் மனைவி தம்பியை முறைத்தாள். "ஏலே, ஒங்க மாமாவுக்குத் தூக்கம் வராததுக்கு ஏற்கெனவே ஆயிரம் காரணம் இருக்கு. நீ ஒண்ணு சேக்காத."

ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. கூரைக்கான பணம் காரில் போயிருந்தது. வாடகை வந்தால் கூரை வரும். சிவப்புப் பெயிண்டுக்கு என்ன ஆகும் என்று நானே விசாரித்துவிட்டேன். ஒரு தடவை சுரண்டிவிட்டால் அந்தப் பச்சையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ரெண்டு நாள் அப்படியும் இப்படியுமாகக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் அக்காவுக்குப் போன் போட்டுப் புகையிலைக் காம்பு கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதை விட்டுத் தள்ளிப் பிடித்தேன். மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு சாக்கு. இறங்கியவர் அக்காவின் வீட்டுக்காரர். பேரத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது பக்கப் பின்கதவைத் திறந்து குனிந்து பார்த்தார்.

"தொடச்சிட்டீங்களோன்னு பாத்தேன்."

"இல்லண்ணே. எதையுமே தொடல."

"தொடச்சிராதீங்க. அவ அத வச்சுத்தான் என்னைய வையிறா. அதுவும் போயிருச்சுன்னா அப்பொறம் எத வச்சுப் பேசுவா?"

சாக்கை இறக்கி வைத்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மச்சினன் கையில் ஸ்பானரோடு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரி மாமா, சீட்டையாவது தச்சு முடி" என்றான். சிவப்புப் பெயிண்டைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

அன்று பின்சீட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டேன். அந்தக் காலத்தில் தைத்தவர்கள் துணியில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அடியில் ரெண்டு விரல் அகலத்துக்கு ரெக்சினை மடித்து உள்ளே விட்டிருந்தார்கள். அதே ரெக்சின்தான், அதே தடிப்புதான். வெயிலே படாததால் கொஞ்சம் கருமை கூடுதல், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதை வெட்டியெடுத்து ஒட்டுச் சேர்த்து, பழைய ஊசித் துளைகளிலேயே ஊசியை விட்டுக் கையால் தைத்தேன். மிஷினில் வைக்கப் பயம். நாரையும் பழையதையே திணித்தேன். கடையை அன்று சாத்திவிட்டேன். முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, எந்த ஓரம் என்று கண்டுபிடி என்றேன். அவள் ரெண்டு ஓரத்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு இடது ஓரத்தைக் காட்டினாள். தப்பு. எனக்கு அந்த நிமிடத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ சீட்டு தைத்திருக்கிறேன். தைத்ததே தெரியாமல் தைத்தது அது ஒன்றுதான்.

காம்புகளைத் துணிப் பைகளில் கட்டி, வயர் போகாத இடமாகப் பார்த்துச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். எலி திரும்ப வரவில்லை. ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறிய பிறகுதான் வண்டியை ரோட்டில் எடுத்தேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் மனைவியையும் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். சட்டைப் பையில் மீதிப் பணம். நாலு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன். எரியோட்டுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாக் காகிதத்தையும் ஒரே நேரத்தில் நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

"பெயிண்டு அடிக்கலையாய்யா?"

"இல்ல சார். பொறந்ததுலருந்து இதே பெயிண்டுதான்."

"அடிச்சிராத" என்று சொல்லிவிட்டு, வண்டி முன்னால் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எண்ணெய் பார்க்க நான் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை.

அக்கா வாசலிலேயே தாம்பாளத்தோடு நின்றார். ஒவ்வொரு வருடமும் வைக்கும் அதே மூன்று இடத்தில், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மூக்கைச் சுளித்தார். "கருமம், அதே நாத்தம்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் ஏறினார். காட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துத் திரும்பினோம்.

இறங்கியதும் பணத்தை எடுத்து நீட்டினேன். கடன் என்று ஒன்று இருந்தால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கோபம் வந்தால் மட்டும் அவருக்குப் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஏனுங்க தம்பி, நான் இப்பக் கேட்டனுங்களா?"

"ஆயுத பூசைக்குள்ளன்னு சொன்னேன்லக்கா. கடன் வேணாம்."

"இந்தப் பச்சைய மாத்துற அன்னைக்கி வந்து குடு. இல்ல, அந்தக் கதவக் கழுவுற அன்னைக்கி குடு. அதுவரைக்கும் எனக்கு வேணாம்."

பணத்தைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மழைக்குக் கடைக்கூரை ஒழுகத்தான் செய்கிறது. வண்டி நிற்கும் ஷெட்டில் மட்டும் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காரை அங்கே ஓட்டிக்கொண்டு போகிறேன், பணத்தையும் கொண்டு போகிறேன், அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறேன். கடைக்கு வேலை கொண்டுவருகிறவர்களிடம் நானே பேச்சை இழுத்துச் சொல்கிறேன்: அந்த வண்டிக்கு நான் இன்னும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் பாக்கி.