எங்கள் வீட்டுக் குளிர்காலம்

சாந்தோமில் டிசம்பர் என்றால் குளிர்காலம். இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மழை விட்டதும் அப்பாவின் கழுத்தில் மப்ளர் ஏறும். அம்மா கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி இடுக்கில் பழந்துணி அடைப்பாள். பால்காரர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வருவார். இத்தனை சாட்சி போதாதா?

அதனால்தான், "உங்கள் ஊரில் இப்போது எப்படி இருக்கும்? என்ன துணி எடுத்து வரட்டும்?" என்று குன்னூரிலிருந்து அண்ணி எழுதிக் கேட்டபோது, பதில் எழுதும் வேலையை நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். இண்டர்மீடியட்டில் பூகோளம் படிக்கிறவன் அல்லவா? வடகிழக்குக் காற்று எப்படி வருகிறது, பனி எப்போது இறங்குகிறது என்று அம்புக்குறி போட்ட படத்தோடு விளக்கினேன். "கம்பளி அவசியம். நூல் புடவை இப்போது உதவாது" என்று முடித்தேன். வாசித்துக் காட்டியபோது அம்மா, "ரெண்டா எடுத்தாரச் சொல்லுடா. நெஞ்சுல சளி கட்டிச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். நான் அதுவரை செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. அம்மா செங்கல்பட்டுக்கே போனதில்லை.

அண்ணனுக்கு ராணுவத்தில் கணக்கு எழுதும் வேலை. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருந்தபோது அண்ணியைப் பார்த்து, எங்களுக்கு ஒரு தந்தி மட்டும் கொடுத்துவிட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டவர். அம்மா நெடுநாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது யுத்தத்துக்காக அவரை அசாம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். "கிறிஸ்துமஸ் வரை அவள் உங்களோடு இருக்கட்டும். ஒத்துப்போனால் நான் திரும்பும்வரை அங்கேயே இருப்பாள். இல்லையென்றால் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள்" என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு எப்படியாவது அண்ணியை நிறுத்திக்கொள்ள வேண்டும். மகன்தான் கண்ணில் படவில்லை, அவன் பெண்டாட்டியாவது கண்ணெதிரே நடமாடட்டும் என்ற தவிப்பு.

சென்ட்ரல் வாசலில் ஜட்காக்காரர் அண்ணியின் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, உள்ள அம்மிக்கல்லா கீது?" என்றார்.

"கம்பளி" என்றேன், பெருமையாக.

"அத்த சொல்லு. பனி இன்னா போடு போடுது! குதிரயே இருமிக்கினு கீது."

பார்த்தீர்களா என்பதுபோல் அண்ணியைப் பார்த்துச் சிரித்தேன். அவருடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பிரயாணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா சுக்குக் காப்பியை நீட்டி, "ரொம்பக் குளிருதாம்மா?" என்றாள்.

"ஆமாங்க அத்தை, நல்லாவே குளிருது" என்ற அண்ணி, கம்பளிக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

"மலையில பொறந்த பொண்ணுக்கே நம்ம ஊரு தாங்கல பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னபோது அம்மாவின் முகத்தில் ஏதோ பரிசு வாங்கிய களை. நானும் சும்மா இருக்கவில்லை. "ஜனவரியில இன்னும் ஏறும் அண்ணி" என்று எச்சரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு எல்லாரும் போனோம். அண்ணி கோட்டின்மேல் முக்காடும் போட்டிருந்தார். சாமியார் பிரசங்கத்தைப் பாதி தாண்டியிருக்கமாட்டார், பெண்கள் பக்கம் சலசலப்பு. அண்ணி பெஞ்சோடு சரிந்திருந்தார். நாலு பேர் தாங்கிப் பிடித்து வெளியே மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள்.

"மருமக முழுகாம இருக்கா போலிருக்கே! எங்களுக்கு எப்ப இனிப்பு?" என்றார் எதிர்வீட்டு டீச்சரம்மா.

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. சிரித்துக்கொண்டே கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். சிரிப்பு நின்றது. ரவிக்கை பிழிந்தெடுத்ததுபோல நனைந்திருந்தது. கழுத்திலிருந்து தோள்வரை செக்கச்செவேலென்று வேர்க்குரு. டிசம்பர் மாதத்தில் வேர்க்குரு!

"அடப் பாவமே! பொண்ண இட்லி மாதிரி வேகவெச்சிருக்கீங்களே!" என்று டீச்சரம்மா கத்தினார். அவரே ஒரு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் கத்தினார். கோயில் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மணிக்கூண்டைப் பார்த்தார்.

"குளிருதுன்னு சொன்னியேம்மா?" என்றாள் அம்மா.

அண்ணி கண்ணைத் திறந்தார். "நீங்க எல்லாரும் குளிருதுன்னீங்க. நான் மட்டும் புழுங்குதுன்னு சொன்னா, வந்ததும் குறை சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு அத்தை."

அந்த மண்ணிலேயே புதைந்துவிடலாம்போல இருந்தது. என் படம், என் அம்புக்குறி, எங்கள் சுக்குக் காப்பி எல்லாமாகச் சேர்ந்து ஒரு பெண்ணை வாய் திறக்கவிடாமல் செய்திருந்தன.

சாயங்காலம் அம்மாவின் பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் சந்தனம் காய, அண்ணி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல் ஒளிந்து திரிந்தேன். அவரே கூப்பிட்டார்.

"தம்பி, ஏப்ரல், மே மாசமெல்லாம் இங்க எப்படி இருக்கும்?"

நான் வாய் திறக்குமுன் சமையலறையிலிருந்து அம்மா, "லேசா வெயில் அடிக்கும். கடல் காத்து இருக்கு, ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அம்மா ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அண்ணி அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிடலாம். ஆனால் அந்தச் சிவந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை பொய் சொல்ல என்னால் ஆகவில்லை.

"தாங்காது அண்ணி" என்றேன். "சுவரெல்லாம் கொதிக்கும். காத்து வராத நாள்ல அழுகையே வரும். மொட்டை மாடியில தண்ணி தெளிச்சு, வரிசையாப் பாய் போட்டு அங்கதான் படுப்போம்."

உள்ளே ஒரு பாத்திரம் டணார் என்று விழுந்தது.

அண்ணி கொஞ்சம் யோசித்தார். பிறகு, மெதுவாக, "அந்த வரிசையில எனக்கும் ஒரு பாய் போடுவீங்களா?" என்றார்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "அவனக் கேக்காதம்மா. அவன் மே மாசத்துலயும் கம்பளிதான் விரிப்பான். எம் பக்கத்துல படு" என்றாள்.

அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனுடைய மனைவி, இந்த வீட்டில் தனக்கு ஒரு பாய் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டாரே, கேட்கும்படி வைத்திருந்தோமே என்று காது மடல் சுட்டது. "போடுவோம் அண்ணி" என்று தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.