மூக்கன் மூடி வைத்த சோளத்தட்டை

கந்தர்வக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலமும் இரண்டு கறவைப் பசுக்களுமாகப் பிழைத்தவர் மூக்கன். இளவயதில் திருச்சியில் ஒரு பால்பண்ணையில் கூலியாக இருந்தபோது ஒரு வேலை பழகியிருந்தார். சோளம் பால்பிடிக்கும்போதே தட்டையை அறுத்து, நறுக்கி, குழியில் கொட்டி, காற்று நிற்க இடமில்லாமல் மிதித்து, மேலே மண்போட்டு மெழுகிவிடுவார். மாதக்கணக்கில் கிடந்தாலும் பச்சையின் சத்து போகாது. "மாட்டுக்கு ஊறுகா போடுறாரு" என்று ஊரார் சிரித்தார்கள்.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. வைக்கோல்கூட அகப்படவில்லை. மூக்கன் முந்திரித் தோப்புக்குள் இருந்த குழியின் ஓரத்தை மட்டும் திறந்து, அன்றைக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டு உடனே மூடிவிடுவார். கேட்டவர்களிடம், "அதெல்லாம் கோடையிலயே தீந்துபோச்சு" என்பார்.

பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை அழகி வந்தாள்.

"அண்ணே, கன்னு போட்ட மாடு எந்திரிக்க மாட்டேங்குது. கொஞ்சம் தீவனம் இருந்தா குடுங்க."

"எங்கிட்ட என்னாத்தா இருக்கு? நானே பனையோலையக் கிழிச்சுப் போடுறேன்."

கட்டுத்தறியில் நின்ற பசு அழகியின் கையை நக்கியது. கல்யாணத்துக்கு முன் அவள் வளர்த்த பசு. அதன் முகத்தை அணைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். பசுவின் வாயில் புளித்த சோளத்தட்டை வாசம். அண்ணனை ஒருதரம் பார்த்தாள்.

"வாரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூக்கனுக்கு உடம்பெல்லாம் கூசியது. குழியை அகலத் திறந்தால் காற்றுப்பட்டு மிச்சமும் கெட்டுவிடும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தார். அது தொழிலுக்குச் சரி. தங்கைக்குச் சொன்ன பொய்க்குச் சரியாகவில்லை. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டுக் குழியைத் திறந்து வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனார்.

அழகி வீட்டில் கன்று மட்டும் கஞ்சித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

"மாடு நேத்தே செத்துப்போச்சுண்ணே," என்றாள் அழகி. "எதுத்த வீட்டு மாடும் படுத்துக் கெடக்கு. அதுக்காச்சும் போடுங்க."

எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினார். அந்த வீட்டுக்காரி கைகூப்பி, "இந்தப் பஞ்சத்துல யாருங்க குடுப்பா? நீங்க நல்லா இருக்கணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அழகி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூக்கன் தலையைக் குனிந்தபடியே வண்டியைத் திருப்பினார்.

மழை பெய்த வருஷத்தில் அழகி வீட்டுக் கொல்லையில் அவரே குழி வெட்டி, தட்டை நறுக்கி, மிதித்து, மெழுகிக் கொடுத்தார். அவள் சோறு போட்டாள். முகம் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார்.