இடது பின் டயர்

பழைய கார் விற்கும் இடத்தில் இன்ஜினுக்காகச் சண்டை வருவது அபூர்வம். டயர் கண்ணுக்குத் தெரிகிற பொருள், அதனால் டயருக்காகத்தான் வரும். பழைய கார் வாங்கி நொந்தவர்களே, அந்தச் சண்டையில் உங்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு நாற்பதுகளின் கடைசியில் ஓசூருக்குத் திரும்பியவனுக்கு இந்த நாற்காலிதான் கிடைத்தது. பள்ளியில் தமிழும் கன்னடமும் படித்தவன் என்பதால் இரண்டு மொழியிலும் திட்டு வாங்கத் தெரியும். அதுதான் என் தகுதி.

தக்காளிக்காரர்

பெருமாள், ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர். வாங்கிய வாரமே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இடது பின் டயர் சரியில்லையாம். டயரின் பள்ளத்தை அளக்கிற கேஜை வைத்துக் காட்டினேன். பள்ளம் புது டயருக்கு இருப்பதுபோல் ஆழமாக இருந்தது. பக்கவாட்டில் பிறை மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். அலைன்மென்ட்டும் நேராக இருந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற இடங்களில் ஒழுங்காகத்தான் ஓடுகிறதாம். ராயக்கோட்டை ரோட்டில், மூடிக்கிடக்கும் கல்குவாரிக்கு இடது பக்கம் ஒரு மண்பாதை பிரிகிறது. அங்கே வந்தால் மட்டும் இழுக்கிறதாம்.

வாதாடி முடியாதபோது வேறு டயர் மாட்டி அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். மாட்டினோம். கிளம்பும்போது அவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "இழுக்குதுன்னா பலமா இல்லீங்க. தோள்ல கை வெச்சுக் கூப்பிடற மாதிரி."

திருநெல்வேலிக்காரர்

சுடலைமுத்து ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் கேஜை நம்பாமல் சொந்தக் கேஜோடு வந்தார். அதுவும் டயர் நன்றாக இருப்பதாகவே சொன்னது. அப்புறம் எதற்குப் புகார் என்று கேட்டேன். மனைவியோடு ராயக்கோட்டை ரோட்டில் காய்கறி வாங்கப் போனாராம். பேசிக்கொண்டே ஓட்டியதில், அந்த மண்பாதைக்குள் வெகுதூரம் வந்துவிட்டது தெரியவில்லை. பிரேக் போட்டபோது எதிரே குவாரித் தண்ணீர், பச்சையாக. அந்த அம்மாள் அதற்குப் பிறகு காரில் ஏறவில்லை.

குனிந்து இடது பின் டயரைப் பார்த்தேன். பிறைக் கீறல். பள்ளம் தேயாத டயரை எங்கள் யார்டில் எறிய மாட்டார்கள். ஒரு காரில் கழற்றியது அடுத்த காருக்குப் போகும். பெருமாளும் இவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சுடலைமுத்து தன் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "டயர்ல குத்தம் ஒண்ணுமில்ல சார். அது வேற எங்கயோ போணும்னு நெனைக்கு, அம்புட்டுதான்."

பசப்பா

டயர் மாட்டுகிற பசப்பாவிடம் அதைத் தனியாக வைக்கச் சொன்னேன். சுடலைமுத்து காரிலிருந்து கழற்றியதை அவர் ஏற்கெனவே மூலையில் தனியாகத்தான் வைத்திருந்தார். தொட்டுப் பாருங்கள் என்றார். பனி விழுந்த காலை அது; அடுக்கியிருந்த மற்ற டயர்களெல்லாம் சில்லென்று இருந்தன. இது மட்டும் தூங்குகிற நாயின் முதுகு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாமல்.

முதலாளியிடம் சொன்னேன். கேஜ் என்ன காட்டுகிறது என்று மட்டும் கேட்டார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெடிங் கடைக்காரரும் இவ்வளவு நல்ல டயரை எதற்குக் கொண்டுவந்தாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பசப்பாவைக் கேட்டேன். கர்நாடகப் பதிவு வண்டியாம், ஏலத்தில் எடுத்ததாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "குவாரித் தண்ணியிலருந்து கிரேன் வெச்சு எடுத்தாங்க சார். வண்டி மட்டும்தான் சிக்குச்சு."

நசுங்காத எலுமிச்சம்பழம்

மல்லிகா மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கும் தொழிற்சாலைப் பெண். முதல் கார். பின் சீட்டில் அவள் அம்மாவும் மகளும். நேராக ராயக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்க் காட்டப் போகிறாளாம். வழக்கம்போல் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, காரை நகர்த்தச் சொன்னோம். மூன்று பழங்கள் நசுங்கின. இடது பின் டயர் ஏறிப் போன பழம் முழுசாகக் கிடந்தது. பசப்பா அன்று லீவு. மாற்று ஆள் மூலையிலிருந்து எந்த டயரை எடுத்திருப்பான் என்று பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன்.

காருக்கு முன்னால் போய் நின்று, இந்த டயர் சரியில்லை என்றேன். அந்த நாற்காலிக்கு வந்தபிறகு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மல்லிகா இறங்கி வந்தாள். "மாட்டினவரு கேஜ் வெச்சுத்தான சார் காட்டினாரு? இப்ப நல்ல டயரக் கழட்டிட்டு மொட்டையா ஒண்ணு மாட்டப் பாக்கறீங்களா?" கூப்பிடுகிற டயர் என்று எப்படிச் சொல்வது? என் சொந்தக் காரைக் காட்டி, அதிலிருந்து எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். ஒவ்வொன்றாக அவளே அளந்து, இருப்பதிலேயே ஆழமானதைத் தேர்ந்தெடுத்தாள். மாட்டி முடித்ததும் அந்த முழுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்: "இதையும் நீங்களே வெச்சுக்குங்க சார், உங்களுக்குத்தான் தேவைப்படும் போல."

அந்த டயர் இப்போது என் டிக்கியில் ஸ்டெப்னியாக, இன்னும் சூடு ஆறாமல் படுத்திருக்கிறது. புகார் சொல்ல வேண்டியவனும் அதைக் கேட்டு மறுக்க வேண்டியவனும் நானேயாகிவிட்டதால், ராயக்கோட்டைக்கு மட்டும் பஸ்ஸில் போய்வருகிறேன்.